லட்சம் கோடி டாலர் பட்ஜெட்டில் ஒரு சிறு பட்டறைக்கு என்ன இருக்கிறது?

கேள்வி: ஒஹாயோவில் இருபத்திரண்டு பேர் வேலை செய்யும் சிஎன்சி பட்டறை (கணினி இயக்கும் மெஷினில் உலோகப் பாகம் செய்வது) நடத்துகிறேன். ஐந்து மெஷின்கள், அதில் இரண்டு ஃபைவ் ஆக்சிஸ். கார் கம்பெனி ஆர்டர்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ராணுவ பட்ஜெட் லட்சம் கோடி டாலரைத் தொட்டுவிட்டது என்று செய்தியில் பார்த்து, ஒரு ஏஜென்சிக்குப் பணம் கொடுத்து, அரசு ஒப்பந்தங்களுக்கான சாம் தளத்தில் பதிவு செய்தேன். எட்டு மாதமாகியும் ஒரு விசாரணைகூட வரவில்லை. பட்ஜெட்டில் எதற்கு முன்னுரிமை என்று பார்த்து அதற்கேற்ப ஆறாவது மெஷின் வாங்கலாமா? இந்தியாவில் என் மைத்துனருக்கும் பட்டறை இருக்கிறது. முதல்கட்ட வேலையை அங்கே கொடுத்து விலையைக் குறைக்க முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்த ஏஜென்சி விஷயத்தை முடித்துவிடலாம். சாம் பதிவு இலவசம், அதோடு வரும் கேஜ் கோடு என்ற அடையாள எண்ணும் இலவசம். அரசு அலுவலகத்திலிருந்து வந்தது போலவே மின்னஞ்சல் அனுப்பி இதற்குக் காசு வாங்குகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், அடுத்த முறை நீங்களே செய்துவிடுங்கள். பதிவு இல்லாமல் அரசு உங்களுக்கு நேரடியாகப் பணம் தர முடியாது. ஆனால் பதிவு இருக்கிறது என்பதற்காக யாரும் உங்களைத் தேடி வரவும் மாட்டார்கள். எட்டு மாத மௌனத்தில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இப்போது அந்த லட்சம் கோடி. 2026 நிதியாண்டுக்குக் கேட்கப்பட்ட தொகை ஏறத்தாழ 1.01 லட்சம் கோடி டாலர் என்பது சரிதான். ஆனால் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் வழக்கமான வருடாந்திர ஒதுக்கீடு அல்ல. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான ஒரு பெரிய சட்டத்தில் பாதுகாப்புக்கென்று வைத்த சுமார் 15,000 கோடி டாலரிலிருந்து எடுத்துக் கணக்கில் சேர்த்தது அது. கப்பல் கட்டுமானத்துக்குச் சுமார் 2,900 கோடி, வெடிமருந்து, ஏவுகணை வகைகளுக்குச் சுமார் 2,500 கோடி என்று அந்தச் சட்டத்திலேயே பிரித்திருக்கிறார்கள். அந்தப் பணத்தை 2029 செப்டம்பர் 30 வரை ஒப்பந்தங்களில் போடலாம். ஒரே தலைப்புச் செய்திக்குள் இரண்டு வகைப் பணம், இரண்டு வகைக் காலக்கெடு. உங்களைப் போன்றவர்களுக்கு மொத்தத் தொகையை விட இந்தக் காலக்கெடுதான் முக்கியம்.

செய்தியில் வருவது பெரும்பாலும் அதிபரின் கோரிக்கை. சட்டப்படி பிப்ரவரி முதல் திங்கட்கிழமை வர வேண்டியது, பல வருடங்களில் தாமதமாகவே வருகிறது. அதற்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் இரண்டு தனித்தனிப் பாதைகள். பாதுகாப்பு அங்கீகாரச் சட்டம் ஒரு திட்டத்துக்கு அனுமதி தரும், பணம் தராது. பணம் தருவது ஒதுக்கீட்டுச் சட்டம். அங்கீகாரச் சட்டம் நிறைவேறியதும் "இந்தத் திட்டத்துக்கு இத்தனை பில்லியன்" என்று செய்தி வரும். அதை நம்பி யாரும் மெஷினுக்கு முன்பணம் கட்டக் கூடாது.

நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் ஒதுக்கீடு முடிந்திருப்பது அபூர்வம். அதுவரை இடைக்காலத் தீர்மானம் ஒன்றில் வண்டி ஓடும்: போன வருட அளவில் செலவு செய்யலாம், ஆனால் பொதுவாகப் புதிய திட்டம் தொடங்கக் கூடாது, உற்பத்தி வேகத்தையும் கூட்டக் கூடாது. 2025 நிதியாண்டு முழுவதுமே இப்படிப்பட்ட தீர்மானத்தில்தான் ஓடியது. எனவே "இந்த ஏவுகணையின் எண்ணிக்கை அடுத்த வருடம் இரட்டிப்பு" என்று கோரிக்கையில் பார்த்தால், அது உங்கள் மெஷினுக்கு வேலையாக வந்து சேர ஒரு வருடத்துக்கும் மேல் ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு நிறம் உண்டு என்று இந்தத் துறையில் சொல்வார்கள். பராமரிப்பு, இயக்கச் செலவுக்கான பணத்தை ஒரே வருடத்தில் ஒப்பந்தமாக்கிவிட வேண்டும். ஆராய்ச்சிப் பணத்துக்கு இரண்டு வருடம், கொள்முதல் பணத்துக்கு மூன்று, கப்பல் கட்டும் பணத்துக்கு ஐந்து. பராமரிப்புப் பணம் வைத்திருக்கும் அலுவலகங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் ஏன் அப்படி அவசரப்படுகின்றன என்பது இதிலிருந்தே புரியும். ஆராய்ச்சிப் பணம் பக்கம் நீங்கள் போக வேண்டாம். சிறு நிறுவனங்களுக்கான எஸ்பிஐஆர் திட்டம் பற்றி யாராவது உங்களிடம் ஆர்வமாகப் பேசியிருக்கலாம். அது புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவர்களுக்கானது. காங்கிரஸ் நீட்டித்தால்தான் உயிரோடு இருக்கும், 2025 செப்டம்பர் 30-இல் ஒருமுறை காலாவதியும் ஆனது. அடுத்தவர் வரைந்த டிராயிங்கைத் துல்லியமாகச் செய்து கொடுப்பதுதான் உங்கள் பலம். உங்கள் பணம் கொள்முதல் பக்கத்திலும் பராமரிப்புப் பக்கத்திலும் இருக்கிறது.

சரி, எந்தப் பக்கத்தைத் திறப்பது?

பென்டகனின் நிதிக் கட்டுப்பாட்டாளர் தளத்திலும் ஒவ்வொரு படைப்பிரிவின் நிதித் தளத்திலும் பட்ஜெட் விளக்கப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கும். முன்னுரை, படங்கள், தலைமைத் தளபதியின் உரை எல்லாவற்றையும் தாண்டிப் போங்கள். முதலில் பி-1 என்ற அட்டவணை. கொள்முதலின் ஒவ்வொரு வரியும் (அதாவது ஒவ்வொரு பொருளுக்கான பதிவும்), எத்தனை எண்ணிக்கை, எவ்வளவு பணம் என்று அதில் இருக்கும். அங்கே எண்ணிக்கை ஏறும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். டாலர் மட்டும் ஏறி எண்ணிக்கை ஏறாத வரிகளில் அவசரப்பட வேண்டாம், விலை மட்டும் ஏறியிருக்கலாம்.

பிறகு அந்த வரியின் விளக்கப் புத்தகத்தில் பி-40 தாளைத் திறங்கள். போன வருடம், இந்த வருடம், கேட்கப்படும் வருடம், அதற்கப்புறம் வரும் வருடங்கள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பெரும்பாலானவர்கள் கேட்கப்படும் வருடத்தோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் வலப்பக்கம் போங்கள். அடுத்தடுத்த வருடங்களில் எண்ணிக்கை நிலையாக இருக்கிறதா, ஒரு வருடம் உயர்ந்து அப்புறம் சரிகிறதா? ஒரு பாகத்தை மெஷினில் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சர் செய்து, முதல் மாதிரிக்கு அனுமதி வாங்கி, வேலை ஒழுங்காக ஓடுவதற்கே பல மாதங்கள் ஆகும் உங்கள் தொழிலில், சரிகிற வரியால் லாபமில்லை.

அதற்குப் பின்னால் பி-5ஏ என்று ஒரு தாள் இருக்கும், எல்லா வரிக்கும் இருக்காது. இருந்தால் அதுதான் உங்களுக்குத் தங்கம். ஒப்பந்ததாரர் பெயர், ஊர், ஒப்பந்த வகை, ஒப்பந்தம் கையெழுத்தாகும் மாதம், முதல் டெலிவரி மாதம், எண்ணிக்கை, ஒன்றின் விலை எல்லாம் ஒரே வரிசையில் வரும். ஒப்பந்தம் ஒரு மார்ச் மாதம் கையெழுத்தாகும் என்று போட்டிருந்தால், அந்தப் பெரிய நிறுவனம் சப்ளையர்களிடம் விலை கேட்டு முடித்திருப்பது அதற்குப் பல மாதங்கள் முன்பே. ஒப்பந்தச் செய்தி வந்தபின் நீங்கள் போன் செய்தால், "பதிவு செய்துகொள்கிறோம்" என்ற பதில்தான் கிடைக்கும். அந்த மாதத்திலிருந்து ஒரு வருடம் பின்னால் எண்ணி, அங்கே உங்கள் முதல் மின்னஞ்சலை வையுங்கள்.

ஒரு உதாரணம். பேட்ரியட் வான் பாதுகாப்பு அமைப்பில் பயன்படும் பிஏசி-3 எம்எஸ்இ ஏவுகணை. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம் அதை அர்கன்சாஸில் உள்ள கேம்டனில் ஒன்றுசேர்க்கிறது. இலக்கைத் தேடும் முனைப்பகுதி ஹன்ட்ஸ்வில்லில் உள்ள போயிங் ஆலையிலிருந்து வருகிறது. 2024-இல் ஆண்டு உற்பத்தி 500-ஐத் தாண்டியது, இன்னும் கூட்டச் சொல்லி நெருக்கடி. இதைப் படித்ததும் எல்லோரும் செய்வது லாக்ஹீடின் சப்ளையர் படிவத்தை நிரப்புவது. நிரப்புங்கள், தப்பில்லை. ஆனால் எண்ணிக்கை ஏறும்போது முதலில் திணறுவது பிரைம் எனப்படும் அந்தப் பெரிய நிறுவனமல்ல, அதற்கு இரண்டு மூன்று படி கீழே இருப்பவர்கள். பாதுகாப்புத் துறையே 2022 பிப்ரவரியில் வெளியிட்ட விநியோகச் சங்கிலி அறிக்கையில் பலவீனமான இடங்களில் ஒன்றாக வார்ப்பையும் ஃபோர்ஜிங்கையும் (உலோகத்தை அடித்து வடிவமைப்பது) சொன்னது. வார்ப்பு ஆலைக்கு ஆர்டர் இரட்டிப்பானால், வார்த்ததை ஃபினிஷ் செய்து கொடுக்க அதற்கு மெஷின் நேரம் வேண்டும். அது அந்த ஆலையிடம் இருக்காது. உங்களிடம் இருக்கிறது.

நான் சொல்ல வந்ததே இதுதான். பட்ஜெட் முன்னுரிமை உங்களுக்குக் காட்டுவது எந்தப் பொருளை நீங்கள் செய்ய வேண்டும் என்பதை அல்ல, எந்த இடத்தில் அடைப்பு ஏற்படப்போகிறது என்பதை. உங்கள் வாடிக்கையாளர் பென்டகனாக இருக்க வேண்டியதில்லை, லாக்ஹீடாகவும் இருக்க வேண்டியதில்லை. உங்கள் பட்டறையிலிருந்து சில மணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஒரு வார்ப்பு ஆலையாகவோ, மெஷின் நிரம்பி வழியும் இன்னொரு பட்டறையாகவோ இருக்கலாம். பெருமை குறைவுதான், பணம் ஒன்றுதான்.

ஏவுகணையை விட உங்களுக்கு நீர்மூழ்கிக் கப்பல் பொருந்தும் என்பது என் எண்ணம். கடற்படை வருடத்துக்குக் கொலம்பியா வகையில் ஒன்றும் வர்ஜீனியா வகையில் இரண்டும் கட்ட விரும்புகிறது. வர்ஜீனியா வகையோ வருடத்துக்கு ஒன்றே காலுக்குப் பக்கத்தில்தான் வெளிவருகிறது. காரணங்களில் ஒன்று சப்ளையர் பற்றாக்குறை. அதனால் சப்ளையர்களின் மெஷினுக்கும் ஆள் பயிற்சிக்குமே காங்கிரஸ் தனியாகப் பணம் ஒதுக்கி வருகிறது. கப்பல் பணத்துக்கு ஐந்து வருட ஆயுள் இருப்பதால் வேலையும் திடீரென்று நிற்பது குறைவு. இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது: ஆவணம். 1963-இல் த்ரெஷர் நீர்மூழ்கி 129 பேருடன் மூழ்கிய பிறகு கொண்டுவந்த சப்சேஃப் விதிகளின்படி, சில பாகங்களின் உலோகம் எந்தத் தடவை உருக்கியதிலிருந்து வந்தது என்பது வரை காகிதம் இருக்க வேண்டும். ஒரு துண்டுக் கம்பி அடையாளம் இல்லாமல் ரேக்கில் கிடந்தால் அது ஸ்கிராப். கார் பாகம் செய்து பழகிய ஆட்களுக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும். நிறைய பேர் இந்தக் கட்டத்தில் விலகிவிடுகிறார்கள், போட்டி குறைவாக இருப்பதும் அதனால்தான்.

முன்னுரிமைகள் சாகவும் செய்யும். தரைப்படையின் புதிய உளவு ஹெலிகாப்டர் திட்டம் பல வருடங்களாக முன்னுரிமைப் பட்டியலின் உச்சியில் இருந்தது. சுமார் 200 கோடி டாலர் செலவான பிறகு 2024 பிப்ரவரியில் ஒரு அறிவிப்போடு நிறுத்தினார்கள். இன்னும் உற்பத்திக்கே வராத ஆயுதத்தை நம்பி மெஷின் வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் வாகனம், விமானம், கப்பல்தான் பாதுகாப்பானது. புதியது ரத்தானால் பழையதற்கு உதிரிபாகம் இன்னும் அதிகமாகவே வேண்டியிருக்கும். 1960-களின் தொடக்கத்தில் கட்டிய பி-52 குண்டுவீச்சு விமானங்களைப் புதிய எஞ்சின் போட்டு 2050-களிலும் பறக்கவிடப் போகிறார்கள்.

உதிரிபாகம் என்றதும் டிஎல்ஏ, அதாவது பாதுகாப்புத் தளவாட முகமை. டிப்ஸ் (DIBBS) என்ற அவர்களுடைய கொள்முதல் தளத்தில் தினமும் சிறு சிறு கொள்முதல்கள் வருகின்றன: ஒரு புஷிங் நாற்பது, ஒரு பிராக்கெட் பன்னிரண்டு. லாபம் சொற்பம். ஆனாலும் சிலவற்றை எடுத்து நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள், "அரசுக்கு டெலிவரி செய்திருக்கிறோம்" என்ற பதிவு உங்கள் பெயரில் ஏறும். கட்டுப்படுத்தப்பட்ட டிராயிங்குகளைப் பார்க்க ஜேசிபி எனப்படும் கூட்டுச் சான்றுத் திட்டத்தின் சான்று வேண்டும், அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள். முக்கியப் பாகங்களில் அங்கீகரிக்கப்பட்ட தயாரிப்பாளர் பெயர் போட்டிருக்கும். அதில் நுழையத் தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு. முதல் வருடம் அவற்றைத் தொடாதீர்கள்.

சிறு நிறுவனம் என்ற தகுதியையும் சரியான இடத்தில் பயன்படுத்த வேண்டும். மத்திய அரசின் நேரடி ஒப்பந்தப் பணத்தில் 23 சதவீதம் சிறு நிறுவனங்களுக்குப் போக வேண்டும் என்பது சட்ட இலக்கு. பெரிய பிரைம்களும் தங்கள் பெரிய ஒப்பந்தங்களில் சிறு நிறுவனங்களுக்கு எவ்வளவு தருவோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே அங்கே ஓர் அதிகாரி இருப்பார், உங்கள் மின்னஞ்சல் அவருக்குப் போக வேண்டும். சாம் தளத்தில் "இதைச் செய்யக்கூடியவர்கள் யார்" என்று ஆர்டருக்கு முன்பே விசாரிக்கும் அறிவிப்புகள் வரும். நம்மவர்கள் பலர் இதில் பணம் இல்லை என்று கடந்து போய்விடுகிறார்கள். தகுதியான சிறு நிறுவனங்கள் இரண்டாவது போட்டி போடும் என்று அதிகாரி நம்பினால்தான் அந்தக் கொள்முதல் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கப்படும். நீங்கள் பதில் எழுதாவிட்டால் அந்த இரண்டில் ஒன்று குறையும். இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர் என்பதாலேயே, பின்தங்கியோரின் சிறு நிறுவனங்களுக்கான 8(ஏ) சலுகை கிடைத்துவிடும் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். அந்த அனுமானம் 2023 ஜூலையில் டென்னசி மத்திய நீதிமன்றத் தீர்ப்போடு போய்விட்டது.

மின்னஞ்சலில் என்ன எழுதுவது? "தரமான வேலை, நியாயமான விலை, இருபது வருட அனுபவம்" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்: "டைட்டானியம், இன்கொனெல் வார்ப்புகளை ஃபைவ் ஆக்சிஸில் ஃபினிஷ் செய்கிறோம். இத்தனை அங்குலம் வரை, இந்த டாலரன்ஸ் வரை. மாதம் இத்தனை மணி நேரம் காலியாக இருக்கிறது. முதல் மாதிரி இத்தனை வாரத்தில். ஏஎஸ்9100 இந்த நிலையில், சிஎம்எம்சி இந்த நிலையில். உங்கள் இந்தத் திட்டத்தில் அடுத்த வருடம் எண்ணிக்கை ஏறுகிறது என்று பார்த்தோம். ஃபினிஷிங்கில் கூடுதல் கை தேவைப்பட்டால் சொல்லுங்கள்." பட்ஜெட் படித்ததன் பலன் அந்தக் கடைசி வரியில் தெரியும்.

மேலே சொன்னதில் ஏஎஸ்9100 விமான, விண்வெளித் துறையின் தரச்சான்று. சிஎம்எம்சி என்றும் சொன்னேன். இது கணினிப் பாதுகாப்புச் சான்று, உங்கள் ஆறாவது மெஷினை விட அவசரமானது. 2025 நவம்பர் 10 முதல் ஒப்பந்தங்களில் படிப்படியாக வருகிறது. பாதுகாக்க வேண்டிய டிராயிங் உங்கள் கணினிக்கு வருமானால் இரண்டாம் நிலை வேண்டும், அதாவது 110 விதிகள். 2026 நவம்பர் 10-இல் தொடங்கும் அடுத்த கட்டத்தில் பல ஒப்பந்தங்களுக்கு வெளி மதிப்பீட்டாளர் வந்து பார்க்க வேண்டும். செலவு உண்டு, மாதக்கணக்கில் வேலையும் உண்டு. ஷாப் ஃப்ளோரில் எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் நுழையும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்குமே, அங்கிருந்து தொடங்குங்கள்.

மைத்துனர் விஷயத்தில் என் பதில் சுருக்கமானது: கூடாது. ராணுவப் பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஐடார் விதிகளுக்குள் வரும் ஒரு டிராயிங்கை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்கு அனுப்புவது ஏற்றுமதிக் குற்றம். விலை கேட்பதற்காக வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாலும் அதே கதைதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்கள் பட்டறையிலேயே எச்-1பி விசாவில் ஒரு இன்ஜினியர் இருந்தால், அவர் அந்த டிராயிங்கைத் திறந்து பார்ப்பதும் ஏற்றுமதியாகவே கருதப்படும். குடியுரிமை உள்ளவர், பச்சை அட்டை வைத்திருப்பவர் பார்க்கலாம். ஐடாருக்குள் வரும் ராணுவப் பாகம் தயாரிக்கிறவர்கள் ஏற்றுமதியே செய்யாவிட்டாலும் வெளியுறவுத் துறையில் பதிவு செய்ய வேண்டும், அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. டைட்டானியம் போன்ற சிறப்பு உலோகங்கள் எங்கே உருக்கப்பட்டன என்பதற்கும் தனி விதி இருக்கிறது. மைத்துனரோடு கார், மருத்துவக் கருவி வேலையைத் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் கணினி, கோப்பு, அலமாரி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும்.

மெஷினை இப்போது வாங்காதீர்கள். கார் ஆர்டர் குறைந்ததால் இருக்கிற ஐந்திலேயே நேரம் காலியாக இருக்கிறது, நீங்கள் விற்கப்போவதும் அதைத்தான். அரசு சிறு நிறுவனங்களுக்கு விரைவாகப் பணம் கொடுக்க முயலும். இரண்டாம், மூன்றாம் படியில் அறுபது தொண்ணூறு நாள் காத்திருப்பு சகஜம். வங்கித் தவணை அதுவரை காத்திருக்காது. கையில் பர்சேஸ் ஆர்டர், அதில் குறைந்தது இரண்டு வருட எண்ணிக்கை, அந்த வரிக்கு ஒதுக்கீட்டுச் சட்டத்தில் பணம், இந்த மூன்றும் சேர்ந்த பிறகு மெஷின் விற்பனையாளரைக் கூப்பிடுங்கள்.

உங்கள் மாநிலத்தில் ஏபெக்ஸ் ஆக்சிலரேட்டர் அலுவலகங்கள் இருக்கின்றன. பாதுகாப்புத் துறை நிதியில் நடப்பவை, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. முதல் சந்திப்புக்குப் போகும்போது நீங்கள் குறித்த மூன்று பட்ஜெட் வரிகளின் பி-40 தாள், பி-5ஏ இருந்தால் அதுவும், மெஷின் பட்டியல், காலி மணி நேரக் கணக்கு ஆகியவற்றைக் கையில் கொண்டுபோங்கள். "எனக்கு ஒப்பந்தம் வேண்டும்" என்று போகிறவருக்குப் பொதுவான கையேடு ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். இந்தத் தாள்களோடு போனால், அந்த வரிகளில் இரண்டாம் படியில் இருக்கும் நிறுவனங்களில் யாரை அவர்களுக்குத் தெரியும் என்று அங்கேயே கேட்டு வாங்கிவிடலாம்.